நாடி தாறுமாறாக அடித்தால்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் அறைக்குள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். சந்தேகமெல்லாம் மருந்துக் கடை வாசலில் சீட்டைப் பிரிக்கும்போதுதான் வருகிறது. இந்த நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் ஓயாமல் கேட்கும் கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம். மருந்தளவுகள் விஷயம் புரிவதற்காகத் தரப்பட்டவை. உங்கள் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

1. "நாடி தாறுமாறா அடிக்குதுன்னு சொல்றாங்க. ஹார்ட் அட்டாக் வந்துடுச்சா?"

இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது. இது மின்னோட்டக் கோளாறு. இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை கட்டளை அனுப்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்த முடிச்சின் பேச்சு எடுபடாது. மேலறைச் சுவர் முழுக்க நிமிடத்துக்கு 350 முதல் 600 மின்னலைகள் கண்டபடி ஓடும். மேலறை சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் கீழறைக்கு இறங்கினால் உயிர் தங்காது. நடுவில் உள்ள ஏவி முடிச்சு வாயிற்காவலர் போல நின்று பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தப்பி இறங்கும் துடிப்புகள் நிமிடத்துக்கு 110, 140, 160 என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும். கையில் நாடி பிடித்தால் தெரிவது அதுதான்.

2. "எனக்கு ஏன் வந்துச்சு? டென்ஷனாலயா?"

டென்ஷன் மட்டும் காரணமாக இருப்பது அரிது. வயது, நெடுநாள் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை, மது, இதயப் பலவீனம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். அப்படி வந்திருந்தால் முதலில் தைராய்டைக் கட்டுப்படுத்த வேண்டும், பலருக்குத் தாளம் தானாகவே திரும்பிவிடும்.

நம் பக்கம் இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். முப்பது, நாற்பது வயதில் இந்தத் தாளக்கோளாறோடு வருபவர்களில், குறிப்பாகப் பெண்களில், இதைத் தேடிப் பார்க்காமல் விடக்கூடாது. மாத்திரைத் தேர்வே இதை வைத்து மாறும் (7ஆம் கேள்வி). எனவே ஈசிஜியோடு எக்கோ (இதய ஸ்கேன்), டிஎஸ்ஹெச் (தைராய்டுப் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவையும் முதல் முறையே பார்க்கப்பட வேண்டும்.

3. "ஈசிஜி எடுத்தா நார்மல்னு வருது. அப்போ படபடப்பு என் கற்பனையா?"

ஈசிஜி காட்டுவது அந்தப் பத்து விநாடிகளை மட்டும்தான். ஆரம்பக் கட்டத்தில் இந்நோய் வந்து வந்து போகும். ஏழு நாளுக்குள் தானாக நின்றுவிடுவது ஒரு வகை, ஏழு நாளைத் தாண்டியும் தொடர்வது இன்னொரு வகை. உடம்பில் மாட்டிக்கொண்டு ஈசிஜி பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியில் சிக்காதது, ஒன்றிரண்டு வாரம் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் சிக்கலாம். ஒற்றை லீட் ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரமும் உதவும். ஆனால் கடிகாரம் சொன்னதை ஒரு மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சிகிச்சை.

வீட்டிலேயே நாடி பார்க்கலாம். உள்ளங்கையை மேல் நோக்கி வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே மறு கையின் ஆள்காட்டி, நடு விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒழுங்காக அடித்து எப்போதாவது ஒன்று தவறினால் அது பெரும்பாலும் கூடுதல் துடிப்பு. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி ஒருமுறைபோல் மறுமுறை இல்லாமல், பலமும் மாறி மாறி வந்தால், அந்த நேரத்திலேயே போய் ஈசிஜி எடுங்கள். நாளைக்குப் போகலாம் என்று விட்டால் மறுபடி "நார்மல்"தான் வரும்.

4. "சீட்டுல மூணு நாலு மாத்திரை இருக்கு. எது எதுக்கு?"

இங்கே செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. மேலறையில் ரத்தம் கட்டியாக உறையாமல் தடுப்பது ஒன்று: அசெனோகுமரால், வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான். துடிப்பின் வேகத்தைக் குறைப்பது இரண்டு: மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், டில்டியாசம், வெராபமில், டிகாக்சின். தாளத்தையே ஒழுங்குக்குக் கொண்டுவருவது மூன்று: ஆமியோடரோன், ஃப்ளெகய்னைட், சோட்டலால், மின் அதிர்ச்சி (15ஆம் கேள்வி), குழாய் வழியாகச் செய்யும் அப்லேஷன் (16ஆம் கேள்வி).

பின்னிரண்டும் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதோடு சேர்ந்தவை. படபடப்பு அடங்கும், மூச்சிரைப்பு குறையும், பலன் உடம்பில் தெரியும். முதல் வேலையின் பலன் மட்டும் தெரியவே தெரியாது. அதனால்தான் அதை நிறுத்திவிடுகிறார்கள், பக்கவாதமும் அங்கேதான் வந்து நிற்கிறது. உங்கள் சீட்டை எடுத்து, எந்த மாத்திரை எந்த வேலைக்கு என்று ஒவ்வொன்றின் எதிரிலும் 1, 2, 3 எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக் கேள்விகளில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

5. "எனக்குப் படபடப்பே இல்லை. அப்பவும் ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை எதுக்கு?"

முதலில், அது ரத்தத்தைத் தண்ணீராக்காது. உறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலறை நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் குட்டைபோல் தேங்கி உறையும். அந்தக் கட்டி கழன்று மேலே போனால் மூளையில் அடைப்பு. இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பு தெரிகிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

யாருக்கு மாத்திரை வேண்டும் என்பதற்கு மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. இதயப் பலவீனம் 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, மாரடைப்பு அல்லது கால் ரத்தக்குழாய் அடைப்பு 1, வயது 65 முதல் 74 வரை 1, வயது 75 அல்லது மேல் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்குத் தனியாக 1 சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டல் அதை எடுத்துவிட்டது. கூட்டினால் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரை அவசியம், 1 வந்தால் பேசி முடிவெடுக்கலாம், 0 என்றால் வேண்டாம். 68 வயது, பிரஷரும் சுகரும் உண்டு என்றால் 3. மைட்ரல் வால்வு ஓரளவோ அதிகமாகவோ சுருங்கியவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கே தேவையில்லை, நேராக மாத்திரைதான்.

6. "ஆஸ்பிரின் ஏற்கனவே சாப்பிடறேனே, போதாதா?"

போதாது. தமனிக்குள் தட்டணுக்கள் ஒட்டித் திரள்வதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின் உதவும், தேங்கிய ரத்தம் உறைவதை அது சரிவரத் தடுக்காது. 2011இல் வெளியான ஆவரோஸ் ஆய்வு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்கு 1.6 சதவீதம் என்ற அளவில் பக்கவாதமும் உறைகட்டி அடைப்பும் வந்தன. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. "ஆஸ்பிரின்தான் பத்திரம்" என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் முடியவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சில காலம் இரண்டும் சேர்த்துத் தருவார்கள். ஓராண்டு கடந்து நிலைமை சீராக இருந்தால் பெரும்பாலோருக்கு உறைவு எதிர்ப்பு மாத்திரை மட்டும் போதும். ஆண்டுக்கணக்கில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால், இன்னும் இரண்டும் வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

7. "அசிட்ரோம் நல்லதா, புது மாத்திரை நல்லதா?"

வால்வைப் பொறுத்தது. ருமாட்டிக் காரணத்தால் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலோ உலோக வால்வு பொருத்தியிருந்தாலோ அசிட்ரோம் என்ற பெயரில் வரும் அசெனோகுமரால், அல்லது வார்ஃபரின்தான். ருமாட்டிக் இதய நோயாளிகள் சுமார் 4,500 பேரிடம் ரிவரோக்ஸபானை ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் பழைய மாத்திரைக் குழுவில்தான் இறப்பு குறைவு. "புதுசுன்னா ரத்தப் பரிசோதனை வேண்டாமாமே, மாத்திக் குடுங்க" என்று இவர்கள் கேட்டால் மருத்துவர் மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

மற்ற பெரும்பாலோருக்குப் புது மாத்திரைகள் மேல். மூளைக்குள் ரத்தம் கசிவது குறைவு, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி உண்டு. அபிக்ஸபான் 5 மி.கி. தினம் இருவேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே 2.5 மி.கி. "வயசானவர், கொஞ்சமா குடுப்போம்" என்று காரணமின்றிக் குறைத்தால் ரத்தக்கசிவு குறைவதும் நிச்சயமில்லை, பக்கவாதத் தடுப்பும் போய்விடும். ரிவரோக்ஸபான் 20 மி.கி. ஒருவேளை, வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று விரதம் இருப்பவர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும். டாபிகாட்ரானைப் பிரித்துக் கொட்டக்கூடாது, உறையோடு விழுங்க வேண்டும். காலை, இரவு என்று எழுதிய டப்பாவில் முன்கூட்டியே எடுத்து வைக்கவும் கூடாது, ஈரம் பட்டால் கெடும்.

இவை எல்லாம் ஏதோ ஒரு அளவு சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பாருங்கள். 75 வயது கடந்தவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

8. "ஐஎன்ஆர் ஒரு மாசம் 1.6, அடுத்த மாசம் 4.2. கீரையை அடியோட நிறுத்தணுமா?"

வேண்டாம். அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுபவர்களுக்கு இந்நோயில் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை. 2க்குக் கீழே போனால் காப்பு இல்லை, 4ஐத் தாண்டினால் கசிவு அபாயம் ஏறும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பது உண்மைதான். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரையோ சிறுகீரையோ சாப்பிடுபவர் அதையே தொடர்ந்தால் மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். மூன்று வாரம் ஒன்றும் தொடாமல் இருந்துவிட்டு ஊருக்குப் போன இடத்தில் நாலு நாள் தொடர்ந்து கீரைக் கூட்டு என்றால்தான் எண் ஆடும்.

கீரையைவிடப் பெரிய குற்றவாளிகள் உண்டு. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகள் சில நாளில் ஐஎன்ஆரை மேலே தூக்கிவிடும். ஆமியோடரோன் தொடங்கினால் இந்த மாத்திரை அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க வேண்டியிருக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர், எண்ணைக் கீழே இழுக்கும். வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காத காய்ச்சல், மது எல்லாம் எண்ணை மாற்றும். இவற்றில் எது நடந்தாலும் அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் நான்கைந்து நாளில் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு பிழை, மாத்திரை அளவிலேயே நடப்பது. அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று தனித்தனியாக வருகிறது. "இன்று 2, நாளை 3" என்று எழுதியிருந்தால், எந்த நாள் எது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். நாள்காட்டித் தாளில் தேதிக்குப் பக்கத்தில் அளவை எழுதி, போட்டதும் அடித்துவிடுங்கள். திங்கள், புதன், வெள்ளி 3 என்று கிழமைக் கணக்காக எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. கடையில் புது அட்டை வாங்கும்போது மில்லிகிராமைப் படியுங்கள். வார்ஃபரினும் அசெனோகுமராலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. "அது இல்லை, இது இருக்கு" என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

9. "ஒரு வேளை மறந்துட்டா ரெண்டா போடலாமா?"

எந்த மாத்திரையானாலும் இரட்டிப்பாகப் போடாதீர்கள். அபிக்ஸபானும் டாபிகாட்ரானும் ஆறு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், ரிவரோக்ஸபான் ஒருவேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை. அதைத் தாண்டினால் அந்த வேளையை விட்டுவிட வேண்டியதுதான். அசிட்ரோமும் வார்ஃபரினும் அதே நாள் இரவுக்குள் என்றால் போடலாம், மறுநாள் ஆகிவிட்டால் விட்டுவிட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

10. "பல் பிடுங்கணும், கண்ணு ஆபரேஷன் இருக்கு. அஞ்சு நாள் நிறுத்தச் சொல்றாங்க."

ஒன்றிரண்டு பல் பிடுங்குவதற்கு ஐந்து நாள் நிறுத்துவது பெரும்பாலும் தேவையற்றது. அசிட்ரோமில் இருப்பவர் என்றால் முந்தைய ஓரிரு நாளுக்குள் எடுத்த ஐஎன்ஆர் 3க்குள் இருந்தால் மாத்திரையோடே பிடுங்கலாம். தையல், பஞ்சு அழுத்தம், ட்ரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளித்தல் ஆகியவை கசிவை நிறுத்திவிடும். புது மாத்திரை என்றால் அன்று காலை வேளையை மட்டும் தள்ளிப்போடுவது வழக்கம். சொட்டு மருந்தில் மரக்கவைத்துச் செய்யும் கண்புரை அறுவைக்குப் பொதுவாக எதையும் நிறுத்துவதில்லை.

பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நிறுத்தத்தான் வேண்டும். புது மாத்திரைகள் ஒன்றிரண்டு நாள் போதும், சிறுநீரகம் பலவீனமானால் கூடும். எத்தனை நாள் என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து எழுத வேண்டும். கூடவே எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதையும் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னவர் தொடங்கச் சொல்ல மறந்ததால் மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமலே இருப்பவர்கள் உண்டு.

11. "மூட்டு வலிக்கு என்ன சாப்பிடறது? நாட்டு மருந்து எடுக்கலாமா?"

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மூன்றையும் தவிருங்கள். கடையில் சீட்டில்லாமல் "உடம்பு வலிக்கு" என்று தரும் கலவை மாத்திரைகளில் இவற்றில் ஒன்று இருக்கும், இரைப்பையில் ரத்தக்கசிவுக்கு இதுவே முக்கிய வழி. பாராசிட்டமால் போதும். அசிட்ரோமில் இருப்பவர்கள் அதையும் நாட்கணக்கில் தொடர்ந்து போட்டால் ஐஎன்ஆர் ஏறும். கடையில் போட்டுவிடும் இடுப்பு ஊசியும் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். தோலுக்கடியில் போடும் இன்சுலினுக்குத் தடையில்லை.

சமையலில் சேர்க்கும் மஞ்சள், பூண்டு, இஞ்சி பற்றிக் கவலை வேண்டாம். அவற்றையே செறிவாக்கிய மாத்திரைகளும், என்ன கலந்தது என்று சொல்லாத பொடிகளும் வேறு கதை. எடுத்துத்தான் ஆவேன் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு ஐஎன்ஆரைப் பாருங்கள்.

12. "வேகம் குறையற மாத்திரை போட்டும் நாடி ஒழுங்காகலையே?"

அந்த மாத்திரை ஒழுங்காக்கத் தரப்பட்டது இல்லை, வேகத்தைக் குறைக்க மட்டும்தான். 140இல் ஓடிக்கொண்டே இருக்கும் இதயம் சில வாரம், மாதத்தில் களைத்து வீங்கிப்போகும். அதைத் தடுப்பதே நோக்கம். 2010இல் வெளிவந்த ரேஸ் 2 ஆய்வின்படி ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். தொந்தரவு நீடித்தால் 80ஐ நோக்கி இறக்கலாம்.

முதல் தேர்வு மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் வகை. மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு டில்டியாசம் அல்லது வெராபமில். ஆனால் எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் இவ்விரண்டும் கூடாது. டிகாக்சின் பழைய மருந்து, மலிவு, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு நல்ல துணை. வாரம் ஐந்து நாள் போட்டு இரண்டு நாள் விடச் சொல்வது நம் ஊர்ச் சீட்டுகளில் பழகிப்போன முறை. பசி மங்குவது, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிவது, நாடி 50க்குக் கீழே போவது ஆகியவை அது உடலில் மிஞ்சிவிட்டதற்கு அறிகுறி. சிறுநீரகம் மந்தமானவர்களுக்கும், நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் இது சீக்கிரம் வரும்.

வீட்டுப் பிரஷர் மிஷின் பற்றி ஒரு வார்த்தை: தாளம் தவறும்போது ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் வேறு. மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். ஒரே ஒரு அளவைப் பார்த்துப் பதற வேண்டாம்.

13. "வேகத்தைக் குறைச்சா போதுமா, தாளத்தையே சரி பண்ணணுமா?"

இருபது வருடமாக நடக்கும் வழக்கு இது. 4,060 பேரை வைத்து 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வு, இரண்டு வழியிலும் இறப்பில் வேறுபாடு இல்லை என்றது. தாளத்தைத் திருப்பியவர்களில் பலர் உறைவு எதிர்ப்பு மாத்திரையை நிறுத்தியதும், அவர்களுக்குப் பக்கவாதம் வந்ததும் அதில்தான் வெளிப்பட்டது. 2020இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, நோய் தெரிந்த ஓராண்டுக்குள் தாளத்தைச் சரிசெய்ய முனைந்தால் பக்கவாதமும் இதய நோயால் இறப்பதும் குறைகின்றன என்று காட்டியது. அங்கே உறைவு எதிர்ப்பு மாத்திரை பெரும்பாலோருக்குத் தொடர்ந்தது.

எங்கள் கணிப்பு: நோய் புதிது, வயது குறைவு, தொந்தரவு அதிகம், அல்லது வேகத்தாலேயே பம்பிங் குறைந்துபோயிருக்கிறது என்றால் தாளத்துக்கு முயல வேண்டும். மேலறை பெருத்து, பத்து வருடமாக அப்படியே இருந்து, ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லையென்றால் வேகக் கட்டுப்பாடு போதும். எந்த வழியானாலும் எடை மிகுந்தவர்கள் பத்து சதவீதம் குறைப்பதும், மதுவை விடுவதும், குறட்டைக்கு மருத்துவம் பார்ப்பதும் தாளம் திரும்பத் தவறுவதைக் கண்கூடாகக் குறைக்கும்.

14. "ஆமியோடரோன் ஆபத்தான மருந்துன்னு சொல்றாங்களே?"

தாளத்தைப் பிடித்து வைப்பதில் மாத்திரைகளில் இதுவே பலமானது, பக்கவிளைவிலும் அப்படியே. 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது, உடலின் அன்றாடத் தேவையோ 0.15 மி.கி. தைராய்டு குறையவும் கூடவும் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். பொதுவாக முதல் வாரம் தினம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று என்று இறக்குவார்கள். "ஒரு நாளைக்கு மூணு" என்பதை மாதக்கணக்கில் தொடர்ந்துவிடாமல் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச், கல்லீரல் பரிசோதனை. புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். வெயிலில் தோல் சட்டென்று கறுக்கும், வயல் வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுவது நல்லது. நிறுத்தினாலும் உடலைவிட்டுப் போக மாதங்கள் ஆகும். ஃப்ளெகய்னைடுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் மாரடைப்பு வந்த இதயத்திலும் பலவீனமான இதயத்திலும் அது உயிரைப் பறிக்கும் தாளக்கோளாறைக் கிளப்பும், எக்கோ பார்க்காமல் தரக்கூடாது.

15. "ஷாக் குடுக்கணுமாம். வலிக்குமா?"

வலிக்காது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, நரம்பில் தூக்க மருந்து, நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டுப் பட்டை. 150 முதல் 200 ஜூல், நாடித் துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுப்பார்கள். ஐந்து நிமிட வேலை. விழித்தபின் தோலில் லேசான எரிச்சல் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

கவனம் வேண்டியது அதற்கு முன்னும் பின்னும். முன்பு குறைந்தது மூன்று வாரம் ஒரு வேளைகூடத் தவறாமல் உறைவு எதிர்ப்பு மாத்திரை, அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து மேலறையின் காதுமடல் பையில் (5ஆம் கேள்வி) கட்டி இல்லை என்று பார்த்துக்கொள்வது. பின்பு குறைந்தது நான்கு வாரம் மாத்திரை, ஏனென்றால் ஈசிஜியில் தாளம் திரும்பினாலும் மேலறைச் சுவர் சில வாரம் மரத்துப்போய்த்தான் இருக்கும். மூன்று வாரத்தில் நடுவே ஒருநாள் விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

16. "அப்லேஷன் செஞ்சா முழுசா குணமாகிடுமா?"

தவறான மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நான்கு சிரைகளின் வாயிலில் பிறக்கின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, அந்த வாயில்களைச் சுற்றிச் சூட்டாலோ, உறைகுளிராலோ, அண்மையில் வந்த மின்துடிப்பு முறையாலோ வேலி போடுவதுதான் சிகிச்சை. வந்து வந்து போகும் வகையில் முதல் முறையிலேயே நூற்றுக்கு எழுபது பேர் அளவில் ஓராண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நெடுநாள் தொடரும் வகையில் அதற்கும் குறைவு, சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் படபடப்பு வந்தால் தோல்வி என்று எண்ண வேண்டாம், சுட்ட இடம் ஆறும் காலம் அது.

இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் நடக்கும், உடனே கவனித்தால் சமாளிக்கலாம். மிக அரிது, ஆனால் வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, அல்லது கை கால் மரத்துப்போவது. உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கே போய் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வேறெங்காவது போய் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளாதீர்கள், உள்ளே செலுத்தும் காற்று அந்தத் துளை வழியாக மூளைக்குப் போய்விடும்.

17. "அப்லேஷன் முடிஞ்சு ஒரு வருஷமா நல்லா இருக்கேன். இனி அபிக்ஸபான் எதுக்கு?"

எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மாதம் கட்டாயம். அதன் பிறகு, தாளம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை. 5ஆம் கேள்வியில் போட்ட மதிப்பெண்ணை மறுபடி போடுங்கள். பிரஷரும் சுகரும் வயதும் அப்லேஷனில் போய்விடவில்லை. தூக்கத்தில் வந்துபோகும் தாளக்கோளாறு உங்களுக்குத் தெரியவும் செய்யாது.

ரத்தக்கசிவு திரும்பத் திரும்ப வந்து, மாத்திரையே ஒத்துவராதவர்களுக்கு அந்தக் காதுமடல் பையைக் குழாய் வழியாக அடைத்துவிடும் கருவி இருக்கிறது. மாத்திரை சாப்பிடச் சலிப்பாக இருக்கிறது என்பதற்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை அல்ல அது. பொருத்திய பிறகும் சில காலம் மாத்திரை உண்டு.

18. "பேஸ்மேக்கர் வச்சுட்டா சரியாகிடுமா?"

பேஸ்மேக்கர் மெதுவான துடிப்பைத் தூக்கிப் பிடிக்கும், தாறுமாறான துடிப்பை நிறுத்தாது. வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வருபவர்களுக்கு, மாத்திரை தரத் துணியும் அளவுக்குப் பாதுகாப்பாக அதை வைப்பார்கள். எந்த மாத்திரைக்கும் வேகம் அடங்காத முதியவர்களுக்குக் கருவியைப் பொருத்திவிட்டு ஏவி முடிச்சைச் சுட்டுவிடுவதும் உண்டு. நல்ல நிம்மதி கிடைக்கும், ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுக்கக் கருவியை நம்பித்தான் இதயம்.

19. "என் மகளுக்கு 28 வயசு. திடீர்னு 180 அடிக்குது, சுவிட்ச் போட்ட மாதிரி நிக்குது. இதுவும் அதேதானா?"

பெரும்பாலும் இல்லை. வேகமாக, ஆனால் ஒழுங்காக அடித்து, சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது எஸ்விடி எனப்படும் வேறு வகை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கூடுதல் பாதையில் மின்னோட்டம் வட்டமடிக்கிறது. வீட்டிலேயே ஒரு முறை செய்து பார்க்கலாம்: பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே உள்ள தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். ஊதி முடித்ததும் ஆளை மல்லாக்கக் கிடத்தி, இரு கால்களையும் 45 பாகை தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான ரிவெர்ட் ஆய்வில் இப்படிச் செய்தபோது 43 சதவீதம் பேருக்குத் தாளம் திரும்பியது, கால் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம்தான்.

நிற்கவில்லை என்றால் மருத்துவமனையில் அடினோசின் 6 மி.கி. வேகமாக ஏற்றுவார்கள், பிறகு 12. சில விநாடி நெஞ்சு அடைப்பதுபோல் பயமுறுத்திவிட்டுப் போய்விடும். இவர்களுக்கு அப்லேஷன் பெரும்பாலும் ஒரே தடவையில் நிரந்தரத் தீர்வு, 16ஆம் கேள்வியின் கணக்கு இங்கே பொருந்தாது. ஒரே எச்சரிக்கை: ஈசிஜியில் டபிள்யூபிடபிள்யூ (கூடுதல் பாதை இருப்பதைக் காட்டும் குறிப்பு) என்று எழுதியிருந்தால் அந்த ஈசிஜியைப் பையிலேயே வைத்திருக்கட்டும். அவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சேர்ந்து வரும் நேரத்தில் வெராபமிலும் டிகாக்சினும் ஏவி முடிச்சை அடைத்து, கூடுதல் பாதை வழியே எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடும்.

20. "எப்போ டாக்டருக்கு போன், எப்போ நேரா 108?"

படபடப்பு மட்டும் என்றால் உட்கார்ந்து நாடியை எண்ணி, மருத்துவரிடம் பேசலாம். மயக்கம், நெஞ்சு வலி, படுக்க முடியாத மூச்சிரைப்பு, அல்லது ஓய்விலும் 150ஐத் தாண்டி அடங்காத நாடி என்றால் 108. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது எதுவானாலும் 108, கோளாறு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தார் போல் கறுத்த மலமும், அழுத்திப் பிடித்தும் இருபது நிமிடத்தில் நிற்காத மூக்கு ரத்தமும் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படுவது எந்த உறைவு எதிர்ப்பு மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்பதுதான். "ஹார்ட்டுக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர்களால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடவும் முடியாது, அந்த மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்தைத் தேடவும் முடியாது.